பன்னிரண்டு வட்டத்துக் காடு

அழுக்கைக் கண்டு அக்கா பயந்ததில்லை. அதை இன்னொருவர் பார்த்துவிடுவாரோ என்றுதான் பயப்படுவார். சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த அலுவலகம் இருந்தது. பத்து மணிக்கு யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அக்கா ஒன்பதரைக்கே வந்துவிடுவார். மாடிப்படியைத் துடைப்பார். சேறு காய்ந்த மண்வெட்டிகளைப் பின்னறைக்குத் தள்ளுவார். என் மேசைமேல் குவிந்திருக்கும் காகிதங்களை அப்படியே வாரி ஓர் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். வந்தவர்கள் போன பிறகு எந்தக் காகிதம் எங்கே என்று தேடி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

"வர்றவங்க பாக்கறதுக்கு முன்னால நாம ஒரு தடவ பாத்துடணும் லா, தம்பி," என்பார்.

எத்தனை முறை கேட்டிருப்பேன். கேட்கும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். அவரை வேலையைவிட்டு அனுப்பிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போதெல்லாம் ஓர் இடம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. என் மனைவி தெம்பனிஸ் வீட்டில் விருந்தாளிக்காக மெத்தை உறையை மாற்றினால்கூட, கழற்றிய உறை எங்கே என்று கேட்கிறேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். புக்கிட் மேராவில் தனியாக இருந்தார். இருபது ஆண்டுகள் செடி நர்சரி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் சைட் சூப்பர்வைசராக வந்தவர். கொண்டையை அமுக்கி மேலே ஒரு தொப்பி, காலில் மஞ்சள் பூட்ஸ், கழுத்தில் பூத்துவாலை. எங்கள் இயக்குநர் சீனர். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'அக்கா'தான். நான் அளவெடுத்து அறிக்கை எழுதுகிறவன்.

எங்கள் வேலை இதுதான். லிம் சூ காங் பக்கம் ஒரு பழைய காய்கறிப் பண்ணை. குத்தகை முடிந்து பண்ணைக்காரர் போய்விட்டார். அவர் விட்டுப்போன தகரக் கொட்டகையும் உடைந்த தண்ணீர்க் குழாய்களும், வருடக்கணக்காக உரம் தின்று இறுகிப்போன மண்ணும் மிச்சம். அந்த நிலத்தை அரசாங்கத்தார் ஐந்தாண்டுகளுக்கு எங்களிடம் கொடுத்தார்கள். இந்தத் தீவுக்கே உரிய மரங்களை அதில் நட்டு வளர்க்க வேண்டும்: தெம்பூசு, ஜெலுத்தோங், புன்னை. மரம் வளர வளரக் காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்துத் தண்டிலும் வேரிலும் கரிமமாகச் சேர்த்துக்கொள்ளும். ஐந்தாம் ஆண்டு வெளியிலிருந்து ஒருவர் வந்து அளந்து பார்ப்பார். வளர்ச்சி சரியாக இருந்தால் நிலம் காடாகவே நிலைக்கும். இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு காரியத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். சிங்கப்பூரில் சும்மா கிடக்க எந்த நிலத்துக்கும் அனுமதியில்லை.

ஆயிரக்கணக்கான கன்றுகளை ஒவ்வொன்றாக அளக்க முடியாது. அதனால் நிலத்தில் அங்கங்கே பன்னிரண்டு வட்டங்களைக் குறித்துக்கொள்வோம். அவற்றுக்குள் இருக்கும் மரங்களை மட்டும் ஆண்டுதோறும் அளந்து, அதை வைத்து மொத்த நிலத்துக்கும் பெருக்கிக்கொள்வோம். எங்கேயும் இப்படித்தான் செய்கிறார்கள், தவறில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வட்டம் எங்கே இருக்கிறது என்பது மரம் வளர்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. நடுவில் ஓர் இரும்புக் கம்பியை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, இடத்தின் குறிப்பை அளக்கிறவர் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் என்ன செய்தேன்? முதலாண்டு லாலாங் புல்லுக்குள் அந்தக் கம்பிகளைத் தேடி இரண்டு நாள் வெயிலில் அலைந்தேன். கை காலெல்லாம் கீறல். அந்தக் கடுப்பில், பன்னிரண்டு இடத்திலும் ஆளுயரக் கம்பு நட்டுச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்னது அக்காவிடம். மறுநாளே அடித்திருந்தார், இரண்டு பூச்சு. தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. வேலை சுலபமாகிவிட்டது என்று அவருக்குத் தேத்தாரே டீ வாங்கிக் கொடுத்தேன்.

அக்காவைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சனிக்கிழமைகளில் பெரிய கம்பெனிகளிலிருந்து ஊழியர்கள் மரம் நட வருவார்கள். ஒரே மாதிரி டீ-சட்டை, கையில் கைப்பேசி. அவர்கள் வருவதற்கு முந்தின நாளே அக்கா குழிகளைத் தோண்டி, கல் பொறுக்கி, மண்ணை மாவாகப் பிசைந்து வைத்திருப்பார். அவர்கள் மண்வெட்டியைத் தொட்டால் போதும், உள்ளே போய்விடும். படம் எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். பேருந்து கண்ணுக்கு மறைந்ததும் அக்கா முதல் கன்றிலிருந்து ஆரம்பிப்பார். பாதிப் பேர் கன்றைப் பிளாஸ்டிக் பையோடு புதைத்திருப்பார்கள். சிலது கழுத்துவரை மண்ணுக்குள் இருக்கும். ஒவ்வொன்றையும் பிடுங்கித் திரும்ப நடுவார். இதை இயக்குநரிடம் சொல்லலாமே என்று ஒருமுறை கேட்டேன். ஆசையாக வந்த பிள்ளைகள், மனசு கஷ்டப்படும் என்றார். ஒரு கன்றுகூடச் சாகக் கூடாது என்று குனிந்து குனிந்து நட்டவர் அவர். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு தீபாவளிக்கு எங்கள் எல்லோரையும் புக்கிட் மேரா வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வழக்கம்போலப் பளபளவென்றிருந்தது வீடு. சுவரில் அவருடைய அம்மாவின் படம் மாட்டியிருந்தது. படியப் படிய வாரிய தலை, நெற்றியில் பொட்டு. மற்றவர்கள் சாப்பாட்டுப் பக்கம் போனபோது அந்தப் படத்தைப் பற்றி நான் ஏதோ கேட்டேன். அவர் முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் சுற்றி வருவதற்கு முன்னால் இவர் போய்விடுவாராம். முகம் கழுவி, பவுடர் போட்டு, உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவி, தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைப்பாராம். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டால் இல்லை என்று சொல்ல அம்மாவும் பழகியிருந்தார். நன்றாகத் தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"மூணே நாள்தான் தம்பி. ஆனா கடைசி வரைக்கும் எங்கம்மாவ யாரும் அலங்கோலமா பாக்கல," என்றார். பிறகு தட்டை என் பக்கம் நீட்டினார்.

ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டேன். அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது ஒருவிதப் பெருமை. அன்றைக்கே நான் எதையோ புரிந்துகொண்டிருக்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் ஆண்டு, புல் வெட்ட இருந்த ஆறு தொழிலாளர்களில் மூன்று பேரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். லாலாங் புல்லை மூன்று வாரம் விட்டால் இடுப்புக்கு வரும். அதன்மேல் ஒரு கொடி ஏறும். கன்றின் தலையைப் பிடித்தால் வெயிலே படாமல் அமுக்கிக் கொன்றுவிடும். புல்லையும் கொடியையும் வெட்டிக்கொண்டே இருந்தால்தான், மரம் தலைதூக்கித் தன் நிழலால் அவற்றைத் தானே அடக்கும் காலம் வரும். அதற்கு ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும்.

மூன்றாம் ஆண்டு அளக்கப் போனேன். முதல் வட்டத்துக்குள் கால் வைத்ததும் அசந்துவிட்டேன். மண் கறுப்பாக, மெத்தென்றிருந்தது. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் தேங்காய் நார் பரப்பியிருந்தது. ஜெலுத்தோங் என் தலைக்கு மேலே போயிருந்தது. இரண்டாம் வட்டமும் அப்படி, மூன்றாவதும் அப்படி. அக்கா நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். வட்டத்திலிருந்து வட்டத்துக்குப் போக நேராக ஒரு பாதை வெட்டியிருந்தது. அந்தப் பாதையிலேயே நடந்தேன், அந்த வட்டங்களையே அளந்தேன்.

நாலாவது வட்டத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குக் குறுக்கு வழியாக ஓடலாம் என்று பாதையைவிட்டு இறங்கினேன். புல் மார்புவரை இருந்தது. ஏதோ காலைத் தட்டியது. குனிந்து கொடியை விலக்கிப் பார்த்தால், முழங்கால் உயரத்தில் காய்ந்த குச்சி. அதில், நட்ட கன்றுக்கெல்லாம் முதலாண்டில் நாங்கள் கட்டிய அலுமினியத் தகடு தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மழையில் நனைந்துகொண்டே பத்து எண்ணினேன். இரண்டில்தான் இலை இருந்தது.

கொட்டகையில் செல்வம் நின்றிருந்தான். மிச்சமிருந்த மூன்று தொழிலாளர்களில் ஒருவன், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. அவனைக் கேட்டேன். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. சிவப்புக் கம்பு இருக்கிற இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று அக்கா சொல்லி ஒரு வருடமாகிறது என்றான்.

அக்கா தொப்பியை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். செல்வத்தைத் தேநீர் போடச் சொல்லி அனுப்பினார்.

"மூணு பேர வச்சுக்கிட்டு எல்லா இடத்தையும் பாக்க முடியுமா, நீயே சொல்லு. எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் செஞ்சா எல்லாமே போயிடும். அளவு சரியில்லன்னா நெலத்த எடுத்துக்குவாங்க. நெலம் போனா இந்த வட்டமும் சேந்துதான் போகும். மொதல்ல இத காட்டி நெலத்த பிடிச்சு வைப்போம் தம்பி. மிச்சத்த அப்புறம் திரும்ப நட்டுக்கலாம் லா."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அந்த நிலம் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆதாயம் எதுவுமில்லை. எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. இதை வெளியே சொன்னால் முதல் கேள்வி, கம்புக்கு யார் பெயிண்ட் அடிக்கச் சொன்னது என்பதாகத்தான் இருக்கும். திரும்பி வரும் பேருந்தில் இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். அக்கா சொன்ன காரணம் எனக்கு வசதியாக இருந்தது. அலுவலகத்துக்குப் போய், பன்னிரண்டு வட்டங்களின் அளவையும் மொத்த நிலத்துக்குமாகப் பெருக்கி அறிக்கை எழுதினேன்.

அடுத்த மாதம் கூட்டம். இயக்குநர் என் அறிக்கையைத் திரையில் போட்டுக் காட்டினார். எதிர்பார்த்ததைவிட வளர்ச்சி அதிகம், மரங்கள் சொந்தக் காலில் நின்றுவிட்டன, இனிமேல் புல் வெட்டப் பராமரிப்பு ஆட்கள் தேவையில்லை, மூன்று பேரையும் அடுத்த வாரம் புது நிலத்துக்கு அனுப்புகிறோம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவுக்கென்று தனியாக ஒருமுறை தட்டினார்கள்.

அக்கா எழுந்து நின்றார். இன்னும் இரண்டு வருடமாவது புல் வெட்ட வேண்டும் என்று ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னார். இயக்குநர் சிரித்தார். நீங்கள் வளர்த்த மரங்களை நீங்களே நம்பவில்லையென்றால் எப்படி அக்கா, எண்களைப் பாருங்கள் என்றார். அக்கா எண்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. வட்டத்துக்கு வெளியே செத்துக் கிடக்கின்றன என்று நான் சொல்லியிருந்தால் ஆட்களை நிறுத்தியிருக்க மாட்டார்கள். இன்னும் ஆட்களைக் கூட்டிக்கூடக் கொடுத்திருப்பார்கள். அதை நான் அந்த நிமிடத்திலேயே அறிந்திருந்தேன், பின்னால் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. மடியிலிருந்த கோப்பில் ஒரு பக்கத்தைப் புரட்டினேன். அக்கா உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் தனியாகவே போக ஆரம்பித்தார். வாரநாளில் அலுவலகம், சனி ஞாயிறில் கிராஞ்சிவரை எம்ஆர்டி ரயில், அங்கிருந்து பேருந்து, பிறகு நடை. ஐம்பத்தெட்டு வயதில் ஒற்றை ஆளாக, கையில் ஒரு பாராங் கத்தியோடு. நான்கைந்து முறை நானும் கூடப் போனேன், மனசாட்சி உறுத்தியபோதெல்லாம். ஒரு வட்டத்தைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் முந்தின வாரம் வெட்டிய வட்டத்தில் கொடி மறுபடி ஏறியிருக்கும். ஆண்டு முடிவில் பன்னிரண்டு வட்டம் ஒன்பதானது. அப்புறம் ஏழு. ஒவ்வொரு முறை போகும்போதும் புல் சுவர் இன்னும் நெருங்கி வந்திருக்கும். அங்கே காற்றே வராது. பறவைச் சத்தமும் கேட்காது. ஏழு வட்டத்துக்குள் மட்டும் மரங்கள் அழகாக நின்றுகொண்டிருந்தன. அந்த அழகைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமைகளில் அக்கா அலுவலகத்துக்கு முழுக்கைச் சட்டையில் வருவார், கையிலுள்ள கீறல்கள் தெரியாமலிருக்க. கண்ணுக்குக் கீழே பவுடர் அப்பியிருப்பார். வர வர இளமையாகிக்கொண்டே போகிறீர்கள் என்று இயக்குநர் பாராட்டினார்.

ஒருமுறை, பெயருக்கு, நாம் போய்ச் சொல்லிவிடலாமா அக்கா என்று கேட்டேன். அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"நீ சொல்லு. நான் வேணாங்கல," என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.

ஐந்தாம் ஆண்டு வெளியாள் வரும் நாள் வந்தது. ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா எல்லாவற்றையும் முடித்திருந்தார். பாதை பெருக்கியிருந்தது. ஏழு வட்டத்திலும் புது நார். சிவப்புக் கம்புகளைக் கழுவிக்கூட வைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு.

வந்தது ஒரு தமிழ்ப் பெண். பாசிர் ரிஸ்ஸிலிருந்து வருகிறேன், இவ்வளவு தூரம் என்று தெரியாது என்று சிரித்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அக்கா பாதையைக் காட்டி, இப்படி வாம்மா என்றார்.

"இல்ல ஆன்ட்டி, இன்னைக்கு நான் அந்த வட்டத்துக்கெல்லாம் போகல," என்றாள் அவள். கைப்பேசியில் நிலத்தின் படம் இருந்தது. "இது ரேண்டமா பாயிண்ட் குடுக்கும், அங்க போய் அளக்கணும். அதான் ரூல்."

அவள் பாதைக்கு எதிர்ப்பக்கம் திரும்பிப் புல்லுக்குள் நடந்தாள். அக்கா ஒரு கணம்தான் நின்றார். பிறகு அவளைத் தாண்டி ஓடி, முன்னால் போய், இரண்டு கையாலும் புல்லைப் பிளந்துகொண்டு தேடினார். முதல் இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு புன்னை, இடுப்பளவு. இங்க ஒண்ணு இருக்கும்மா, இங்க ஒண்ணு இருக்கு என்று அக்கா கூப்பிட்டார். அந்தப் பெண் பொறுமையாக வந்து அளந்து எழுதிக்கொண்டாள். மூன்றாவதிலும் நாலாவதிலும் தகடுகள் மட்டும் கிடந்தன. பதினோரு மணிக்கெல்லாம் அவள் சிரிப்பதை விட்டிருந்தாள். கடைசி இடத்தில் நின்று, நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் எழுத வேண்டியிருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அக்காவின் தலையில் புல்லின் வெள்ளைப் பூ ஒட்டியிருந்தது. சட்டையெல்லாம் ஒட்டுமுள். அவரை அப்படி அலங்கோலமாக நான் பார்த்ததேயில்லை.

அந்தப் பெண் என் பழைய அறிக்கையைப் புரட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது வருஷம் நீங்கதானே சார் அளந்தீங்க? இந்தப் பக்கமெல்லாம் வந்து பாத்தீங்களா?"

உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன். இன்றுவரை அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. அதற்குள் அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

"அவர ஏம்மா கேக்கற? நான்தான் வட்டத்துக்குள்ள மட்டும் கூட்டிட்டுப் போனேன். வெளிய வர விடல. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

என்னை அக்கா 'அவர்' என்று சொன்னது அதுவே முதல் தடவை. குரலில் நடுக்கமில்லை. வருகிறவர்கள் கண்ணுக்கு எல்லாவற்றையும் துடைத்து வைத்துப் பழகியவர், கடைசியில் அங்கே மிச்சமிருந்தது நான் ஒருவன்தான் என்பதால் என்னையும் துடைத்து வைத்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"அப்படியா சார்?"

"ஆமா," என்றேன்.